கட்டிய கை

எங்கள் ஊரில் ஐஸ் கிடைப்பது லேசில்லை, டாக்டரம்மா. ஃப்ரிட்ஜ் இருப்பது இரண்டே வீட்டில். ஒருநாள் கேட்டால் கொடுப்பார்கள், மறுநாள் கேட்டால் முகம் சுளிப்பார்கள். அதனால் மதியம் வண்டியில் மீன் கொண்டுவருகிறவரிடம்தான் வாங்கினேன். மீன் விற்றுத் தீர்ந்ததும் பெட்டியின் அடியில் கிடப்பதை அள்ளித் தருவார்.

என் வீட்டுக்காரர் வீரமணி கரும்பு ஏற்றும்போது லாரிப் பலகையிலிருந்து வழுக்கி, கால் பிசகி உங்களிடம் வந்தார். எலும்புக்கு ஒன்றுமில்லை, தசைநார்தான் இழுபட்டிருக்கிறது என்றீர்கள். ஐஸைத் துணியில் சுற்றிக் கால் மணி நேரம் வைக்கச் சொன்னீர்கள். இரண்டு நாள் போனதும் பாதத்தை மேலும் கீழும் ஆட்ட வேண்டும், பிறகு மெல்ல ஊன்றி நடக்க வேண்டும், மூன்று வாரத்தில் சரியாகிவிடும் என்றீர்கள். அவர் வெளியே பெஞ்சில் இருந்தார். கேட்டுக்கொண்டது நான் மட்டும்தான், எல்லாம் நன்றாகவே புரிந்தது. உங்கள் மேல் யாரும் குறை சொல்லக் கூடாது, அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

மூன்று வாரம் என்றதும் நாளை எண்ணிப் பார்த்தேன், மாதக் கடைசிக்குள் அவர் நடக்க ஆரம்பித்துவிடுவார். மலையடிவாரத்தில் ஆள் சேர்க்கும் காசிநாதன் அந்த மாதக் கடைசியில் வண்டி எடுப்பதாக இருந்தார். வெளிமாநிலக் காட்டில் திருட்டுத்தனமாக மரம் வெட்டும் வேலை. போன வருஷம் அதே வண்டியில் ஏறிப் போனவன் என் தம்பி சுப்புராயன். பதினோராம் நாள் அவனைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள், முகத்தைத் திறக்க விடவில்லை. இவரும் வருகிறேன் என்று காசிநாதனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். அழுது பார்த்தேன், சாப்பிடாமல் கிடந்து பார்த்தேன், அவர் மசியவில்லை. தெருவில் ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்ப்பேன்.

எங்கள் அப்பா சுளுக்குக்குக் கட்டுக் கட்டுகிறவர். அந்தக் கை எனக்கும் வரும் என்று ஊருக்கே தெரியும். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. கட்டியவர்தான் கட்டைப் பிரிக்க வேண்டும், அதுவரை காலுக்கு உரியவரே ஆனாலும் தொட்டுப் பார்க்கக் கூடாது. முட்டை வெள்ளையும் உளுத்தம்மாவும் தடவி, மூங்கில் தப்பை வைத்து, விரல் நுனிவரை மூடி இறுக்கிக் கட்டினேன். நாற்பத்தொரு நாள் கால் தரையில் படக் கூடாது என்று நீங்களே சொன்னதாக அவரிடம் சொன்னேன். தினமும் மதியம் அவரைக் கண்ணை மூடிக்கொண்டு படுக்கச் சொல்லி, கட்டைத் தளர்த்தி, ஐஸை வெறும் தோலில் வைத்து, அதன் மேலேயே திரும்ப இறுக்கினேன். கால் மணி நேரம் அல்ல, கரைந்து தீரும்வரை.

முதலில் எரிகிறது என்றார். ஒரு வாரத்தில் அதுவும் நின்றது.

“வலியே தெரில சின்னப்பொண்ணு. நல்லா ஆறிக்கினு வருது. இன்னா இருந்தாலும் உங்கப்பா கை அப்படியே உனக்கு வந்துக்குது.”

கொஞ்சம் ஊன்றிப் பார்க்கட்டுமா என்று கேட்பார். வேண்டாம் என்பேன். சரி என்று சாய்ந்துகொள்வார். பதினைந்து வருஷத்தில் அவர் அத்தனை நாள் சேர்ந்தாற்போல என் கண்ணெதிரே இருந்ததில்லை. வாடை வர ஆரம்பித்தபோது உளுத்தம்மாவு புளித்துவிட்டது என்றேன். அதையும் நம்பினார்.

விரல்கள் கறுத்ததை இருபதாம் நாள் பார்த்தேன். அன்றே உங்களிடம் கூட்டிவந்திருக்கலாம். உயிர் போவதைவிட விரல் போவது மேல் என்று என்னை நானே தேற்றிக்கொண்டு திரும்பக் கட்டினேன். இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் பாதத்தையே எடுத்துவிட்டார்கள். ஆள் உயிரோடு இருக்கிறார் இல்லையா.

நீங்கள் கேட்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காசிநாதனை, நான் கட்டுப் போட்ட ஒன்பதாம் நாளே போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். வண்டி நின்றுபோனது. ரேஷன் கடையில் நின்றபோது கேள்விப்பட்டேன், வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. அன்று மதியமும் மீன்காரர் வந்தார். நான் குண்டானை எடுத்துக்கொண்டு போனேன்.

இதையெல்லாம் அவர் காதில் போட்டுவிடாதீர்கள், டாக்டரம்மா. தெரிந்தால் என்னை விட்டுப் போய்விடுவார். ஒற்றைக் காலோடும் போய்விடுவார்.