முதலில் தண்ணீரை ஊற்றச் சொன்னவருக்கு

எங்கள் கூட்டமைப்பின் பாதுகாப்புக் கொள்கைப் பிரிவை வழிநடத்திய தலைவியே! கூர்மை குன்றாத கேள்வியே! கோபத்திலும் குறையாத கனிவே! இன்று விடைபெறும் அம்மையீரே! வணக்கம்.

ஏழு நாடுகள் கூடி இந்த அலுவலகத்தை அமைத்தபோது, பகை என்றால் எல்லையில் வரும் படை என்றே எழுதிவைத்தார்கள். பிறகு பகை வேறு வழிகளில் வந்தது. கடலடி இணையக் கம்பி அறுந்தது; வங்கி திவாலென்று வதந்தி பரவியது; மின்நிலையக் கணினிகள் நின்றன. எதிலும் படை இல்லை. ஆனால் தாக்குதலை ஏவியவர் யாரென்று ஏழு நாடுகளும் ஒப்புக்கொள்ளும்வரை எச்சரிக்கை அனுப்பக் கூடாது என்பது நம் விதி.

அதை மாற்றக் கேட்டு நீங்கள் கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்தீர்கள். "வீடு எரியுது, கொளுத்தினவன் யாருன்னு கேட்டுக்கிட்டு நிக்கிறீங்க. மொதல்ல தண்ணிய ஊத்துங்கய்யா. பஞ்சாயத்த அப்புறம் வெச்சுக்கலாம்" என்றீர்கள். அன்றிலிருந்து நீங்கள் 'தீயணைப்பு அம்மா'. "வந்துட்டாங்கப்பா, வாளியத் தேடு" என்று பின்வரிசையில் சிரிப்பார்கள்.

அண்டை நாட்டு மருத்துவமனை ஒன்றின் கணினிகள் முடக்கப்பட்டன. மற்ற மருத்துவமனைகளை எச்சரிக்கும் குறிப்பை உடனே எழுதினீர்கள். ஆதாரம் போதாது என்றது ஒரு நாடு. குறிப்பு உங்கள் மேசையிலேயே இருந்தது. மறுநாள் நம் நகர மருத்துவமனையில் இரத்த வங்கியின் கணினி நின்றது. எந்த வகை இரத்தம் எங்கே இருக்கிறதென்று தேடினார்கள். அந்த இரத்தத்துக்காகப் பிரசவ அறையில் காத்திருந்தவள் இம்மடலை எழுதுபவனின் மனைவி. குழந்தை பிழைத்தது.

நீங்கள் வீட்டுக்கு வந்து குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டீர்கள். "நான் இன்னும் கத்தியிருக்கணும், தம்பி" என்றீர்கள்.

அதன்பின் விதியைத் திருத்தி எழுதினீர்கள்: ஐயம் எழுந்தவுடன் எச்சரிக்கை, ஏவியவர் யாரென்பது பிறகு. ஏழு நாடுகளும் ஒப்புக்கொண்டன. இம்முறை யாரும் சிரிக்கவில்லை. இந்தப் பாராட்டு அந்த முதல் கூட்டத்திலேயே உங்களுக்கு வந்திருக்க வேண்டும். காலம் கடந்து தருகிறோம்.

சென்ற மாதம் புதிய விதிப்படி முதல் எச்சரிக்கை போனது. ஒரு துறைமுக நகர மருத்துவமனை தன் கணினிகளைத் தானே துண்டித்துக்கொண்டு, இரத்தப் பைகளில் கையால் எழுதி ஒட்டிச் சமாளித்தது. தாக்க வந்தவர்கள் வெறுங்கையோடு போனார்கள். அன்று அங்கே பிள்ளை பெற்ற பெண்கள் எல்லோரும் வீடு திரும்பினார்கள். அவர்களுடைய கணவர்களுக்கு உங்களைத் தெரியாது. அவர்களுக்காகவும் நான் நன்றி சொல்கிறேன்.

நோயின்றி நெடுநாள் வாழுங்கள். இனியாவது நிம்மதியாகத் தூங்குங்கள். நீங்கள் வேண்டிய மட்டும் கத்தினீர்கள், அம்மா. காதுதான் எங்களுக்கு இல்லாமல் போயிற்று.

வருத்தமும் வணக்கமுமாக,
கொள்கைப் பிரிவு ஊழியர்கள்