பதினொண்ணாம் நம்பர் ரூமுக்குப் பத்து நிமிஷம்

அதெப்படிங்க உள்ள விட மாட்டேன்னு சொல்றீங்க? இந்த முதியோர் இல்லத்துல உங்களுக்கு முன்னாடி இருந்த வாட்ச்மேன் எங்களைப் பார்த்ததும் கேட்டைத் திறந்துடுவாரு. நீங்க வேலைக்கு வந்து மூணு நாள் ஆகலை, அதுக்குள்ள சட்டம் பேசுறீங்க!

ஆமா, போன வாரம் லிஃப்ட்ல அசிங்கம் பண்ணிடுச்சு. இல்லைன்னா சொன்னேன்? நான்தானே குனிஞ்சு அள்ளினேன்? உங்க மேனேஜர் மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடினதோட சரி. இப்பப் பாருங்க, வாலுக்குக் கீழ பை கட்டியிருக்கேன். இன்னும் என்னதான் பண்ணச் சொல்றீங்க?

குட்டியில்லீங்க, குட்டை ஜாதிக் குதிரை, இதுக்கு வயசு பதினாலு. வளர்த்தியே அவ்வளவுதான். பேரு துரை. கால்ல ஷூதான், வழுக்கக் கூடாதுல்ல? ரெண்டு வயசுப் பிள்ளைங்க போடுறது, ரெண்டு ஜோடி. கடைக்காரன் இரட்டைப் பிள்ளையான்னு கேட்டான். நாலு காலுக்கும் மாட்டுறதுக்குள்ள என் இடுப்பு ஒடிஞ்சு போகுது. துரை என்னடான்னா என் முதுகைக் கடிக்குது. சட்டைப் பட்டனை முழுங்குது. சத்தியமாச் சொல்றேன், நாயோ பூனையோ, எனக்கு மிருகம்னாலே ஆகாது.

அப்புறம் எதுக்கா? மேல பதினொண்ணாம் நம்பர் ரூம்ல ஒரு அம்மா இருக்காங்க. ஞாபகமெல்லாம் போயிடுச்சு. யாரு உள்ள போனாலும் டம்ளரைத் தூக்கி எறிவாங்க. துரையோட போனா மட்டும், வாங்க குதிரைக்காரரே, உட்காருங்கம்பாங்க. நாலு மணிக்குப் பத்து நிமிஷம், அதுதான் எங்களுக்குக் குடுத்த நேரம். துரை கழுத்தைத் தடவிக்கிட்டே வீட்டுக்காரரைப் பத்திப் பேசுவாங்க. அவரு குறட்டை, அவரு கோவம், எல்லாம் வரும். திடீர்னு, கிளம்புங்க குதிரைக்காரரே, எங்க வீட்டுக்காரர் வர்ற நேரம், அவருக்கு மிருகம்னாலே ஆகாதும்பாங்க.

என்னது? இதை இங்க கட்டிப்போட்டுட்டு நான் மட்டும் போறதா? போய்ப் பார்த்தாச்சுங்க. யாருய்யா நீ, என் ரூமுக்குள்ள எதுக்கு வந்தேன்னு அலறினா. முப்பத்தெட்டு வருஷம் என்கூடக் குடும்பம் நடத்தினவ. முன்னாடி துரையை இங்க அனுப்பிட்டிருந்த குதிரைப் பண்ணைக்கு அன்னிக்கே போய், கையில கால்ல விழுந்து இந்தக் கயித்தை வாங்கினேன்.

மணி நாலாகப் போகுதுங்க. எழுதுங்க, எழுதுங்க, அந்த நோட்டுல சீக்கிரம் எழுதுங்க. உறவுன்னு போட்டிருக்கிற இடத்துலயா? குதிரைக்காரர்னே எழுதிக்கோங்க.