மூணாவது போர்டு

— இந்தப் போர்டு செத்துக் கிடக்குக்கா. சத்தியமா சொல்றேன், மரக்கட்டை மேல பாயைக் கட்டிக்கிட்டு அலைல எறங்கின மாதிரி இருக்கு.

— வாய்க்கு வந்தபடி திட்டாதடா. எங்க செத்துது, எப்படிச் செத்துது, அதைச் சொல்லு. அலை மேல ஏறறப்பவா, எறங்கறப்பவா?

— ஏறறதெல்லாம் ஜோரா ஏறுது. காத்து பாயைப் புடிச்ச ஒடனே பிச்சுக்கிட்டுப் போகுது. அலை உச்சிலேர்ந்து எறங்கி, அடியில வந்து மறுபடி மேல திரும்பணும்ல, அங்கதான். பின்காலால அழுத்தறேன். ஒண்ணுமே நடக்கல. அது பாட்டுக்கு நேரா போய்க்கிட்டிருக்கு.

— வால் வழுக்குதா, இல்ல வால் ஒட்டிக்கிட்டுத் திரும்ப மாட்டேங்குதா? ரெண்டும் வேற வேற வியாதி.

— தெரியல.

— தெரியலைன்னா?

— தெரியலைன்னா தெரியலதான். அதைத்தானே சொல்றேன், போர்டு பேசவே மாட்டேங்குது. முன்னாடியெல்லாம் நீ செஞ்ச போர்டுல நின்னா, அடியில தண்ணி எப்படி ஓடுதுன்னு உள்ளங்காலுக்கு ஒவ்வொண்ணா வந்து சொல்லும். இது வாயைத் தச்சு வெச்ச மாதிரி கம்முனு இருக்கு.

— போன போர்டுக்கும் இதையேதான் சொன்ன. அதுக்கு முந்தினதுக்கும் இதையேதான் சொன்ன.

— மூணும் ஊமையாப் பொறந்தா நான் என்னக்கா பண்ணுவேன்?

— நீ ஒண்ணும் பண்ண வேணாம். பெத்தவ நான்தானே. குப்புறப் போடு, வாலடில இருக்கற துடுப்பை, அந்த ஃபின்னைக் கழட்டறேன்.

— பெருசு மாட்டப் போறியா?

— சின்னது. அடியில பிடிப்பு கொஞ்சம் விட்டாத்தான் வால் அசையும். அந்தத் திருப்புளிய எடு. அது இல்லடா, கட்டையா இருக்கே, அது.

— அப்படியே பாய் நிக்கற மாஸ்ட்டையும் ரெண்டு விரக்கடை பின்னால தள்ளிடேன். ஒரே வேலையா முடிஞ்சுரும்.

— ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்தணும். ரெண்டை மாத்தினா எது வேலை செஞ்சுதுன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எத்தன தடவ சொல்றது? ம், ஆச்சு. போ. போய் நல்ல அலையா நாலஞ்சு பாத்து ஓட்டிட்டு வா.

— நீ மொதல்ல அந்தப் பக்கம் திரும்பி ஒக்காரு.

— ஒக்காந்துட்டேன்டா சாமி. கடலுக்கு முதுகைக் காட்டிக் காட்டி முதுகு மட்டும் அடுப்புக்கரி ஆயிருச்சு. போ, காத்து இருக்கறப்பவே போ.

*

— சொல்லும்மா.

— எங்கடி இருக்கீங்க ரெண்டு பேரும்? சாப்பாடு ஆறி அவலாப் போச்சு.

— கரைலதாம்மா. அவன் தண்ணில இருக்கான்.

— நல்லா ஓட்டறானா?

— எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் பாக்க மாட்டேன்ல.

— என்ன எழவுப் பழக்கமோ. தம்பி அங்க அலைல கிடந்து முட்டிக்கறான், அக்காக்காரி கார் நிறுத்தற எடத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கா.

— பழக்கம் இல்லம்மா, தொழில். நான் இழைச்ச போர்டு தண்ணில போனா என் கண்ணுக்கு அழகாத்தான் தெரியும். கண்ணை நம்பினா தப்பை மறைச்சுரும். அவன் கால் வந்து சொல்றதுதான் எங்களுக்குக் கணக்கு. மொத போர்டுலேர்ந்து அப்படித்தான். அவன் ஜெயிச்ச போர்டெல்லாம் அப்படி வந்ததுதான்.

— என்னமோ போ. முதுகுல கம்பி வெச்ச புள்ள, இவ்ளோ சீக்கிரம் அலைல எறங்கணுமா?

— டாக்டரே போகலாம்னுட்டாரு, உனக்கு என்ன?

— ஆமா, பெரிய டாக்டரு. அவர் கேட்டதுக்கெல்லாம் இவன் நல்லாருக்கு, நல்லாருக்குன்னு மண்டைய ஆட்டினான். அவரும் விட்டாப் போதும்னு அனுப்பிட்டாரு. ஏய், ஒண்ணு கேளேன். நேத்து கடைக்குப் போனவன் ஒத்தச் செருப்போட வந்து நிக்கறான். இன்னொண்ணு எங்கடான்னா குனிஞ்சு பாத்துட்டுத் திருதிருன்னு முழிக்கறான். போய்ப் பாத்தா தெருமுக்குல கெடக்கு. எவளையோ மனசுல வெச்சுக்கிட்டு நடக்கறான், எழுதி வெச்சுக்க.

— இவன் மூஞ்சிக்கு எவம்மா கெடைப்பா? அது கெடக்கட்டும். படகுப் பட்டறைக்காரர் மறுபடி கூப்ட்டாரா?

— காலைலகூடக் கேட்டாரு. நீதான் வேணாம்னு சொல்லிட்டியே.

— வரேன்னு சொல்லிடும்மா.

— என்னடி திடீர்னு?

— படகுக்கு ஃபைபர் ஒட்டற வேலை. ரெண்டு கை இருந்தாப் போதும், நாலு பேரோட நின்னு ஒட்டிட்டு வந்துடலாம். போர்டு செய்ய நான் இனிமே லாயக்கில்லம்மா. அவன் ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தப்புறம் செஞ்சதுல இது மூணாவது, இதுக்கு நான் பட்ட பாடு உனக்குத்தான் தெரியுமே. பின்ரூம்லயே கெடந்தேன். இழைச்ச தூசியில இருமி இருமி நெஞ்சு வலிச்சுது. முன்ன பண்ணாததெல்லாம் பண்ணேன். இதுவும் சவமாத்தான் வந்திருக்கு. என் கை போயிருச்சும்மா.

— கண்ணு, அழறியா?

— இல்ல. மணல் அடிக்குது. அவன் வரான் போல, பாய் சத்தம் கேக்குது. வெச்சுடறேன்.

*

— சொல்லு.

— அதே ஊமை.

— துளிகூட மாறலையா?

— மாறின மாதிரி இருந்துச்சு, அப்புறம் பாத்தா இல்ல. பின்கால் அந்த வாருக்குள்ள, ஸ்ட்ராப்புக்குள்ள இருக்கா, வெளிய இருக்கான்னு ஒரு தடவ குனிஞ்சே பாத்துட்டேன்னா பாத்துக்கோ. ஸ்ட்ராப்தான் லூசா இருக்குக்கா. இறுக்கு.

— இப்பவே பாதி பாதந்தான் உள்ள போகுது. இன்னும் இறுக்கினா விழுந்தா கால் வெளிய வராதுடா.

— பரவால்ல.

— என்ன பரவால்ல? அலை சுருட்டறப்ப கால் மாட்டிக்கிட்டா என்ன ஆகும்னு உனக்கு நான் சொல்லித் தரணுமா? பாறைல அடிச்சுத் தூக்கிட்டு வந்தப்ப ஆம்புலன்ஸ்ல உன் பக்கத்துல ஒக்காந்து வந்தவ நான். அந்தப் பேச்சே வேணாம்.

— அப்ப என்னதான் செய்யச் சொல்ற?

— அங்க நிக்கறான் பாரு ஒல்லிக்குச்சி, உன் எடைதான் இருப்பான். அவன்கிட்ட குடுத்து ஒரு ஓட்டு ஓட்டச் சொல்லவா?

— யாரும் தொட வேணாம்.

— நம்ம ரெண்டு பேருக்கும் புத்தி மரத்துப் போச்சுடா. வெளியாள் ஓட்டினா புதுசா ஏதாவது சொல்லுவான்.

— அவன் நல்லாருக்குன்னு சொல்லிருவான்.

— சொன்னா நல்லதுதானே?

— உனக்கு நல்லது.

— என்னடா பேச்சு இது?

— ஒண்ணுமில்ல. வேற எதையாவது மாத்துக்கா. சத்தியமா இன்னொரு தடவ போய்ப் பாக்கறேன்.

— சரி. மாஸ்ட்டைப் பின்னால தள்ளறேன். ஸ்ட்ராப்பையும் கடைசி ஓட்டைக்குக் கொண்டு போறேன், கால் நேரா ஃபின் மேல வந்துரும். காலுக்கு அடியில ஒட்டியிருக்கற மெத்தையையும் உரிச்சு எறிஞ்சுடறேன். வெறும் போர்டு மேல நின்னு பாரு. இதுக்கும் பேசலைன்னா அது பேசாது.

— ஒரு நேரத்துல ஒண்ணுதான்னு சொன்ன?

— சொன்னேன். இப்ப எல்லாத்தையும் மாத்தறேன். காத்து எறங்குது, அந்தப் பக்கம் புடி.

*

— அலை சூப்பரா இருந்துச்சுக்கா. ஸ்ட்ராப்பும் இப்ப கனகச்சிதம், அதை இனிமே தொடாத. ஆனா போர்டு மட்டும்...

— நான் பாத்தேன்.

— என்னத்த?

— நீ ஓட்டினதை. இந்தப் பக்கம் திரும்பி ஒக்காந்து பாத்தேன்.

— அக்கா!

— பாக்காம இருக்க முடியல. கடைசி போர்டு, கடைசி ஓட்டு, அதையாவது என் கண்ணால பாக்கலாம்னு திரும்பினேன். வால் வழுக்கலடா. ஒட்டவும் இல்ல. அலை அடிக்கு வந்த, போர்டு சாய்ஞ்சு திரும்ப ரெடியா நின்னுது. ஒவ்வொரு அலையிலயும் நின்னுது. நீதான் பின்கால அழுத்தல. பஸ்ல கம்பியப் புடிச்சுக்கிட்டு நிக்கறவன் மாதிரி சும்மா நின்ன.

— அழுத்தினேன்!

— அழுத்தல.

— என் காலை நான் அழுத்தினேனா இல்லையான்னு எனக்குத் தெரியாதா? பல்லைக் கடிச்சுக்கிட்டு அழுத்தினேன். தொடை இன்னும் நடுங்குது, தொட்டுப் பாரு.

— அப்ப என் கண்ணு பொய் சொல்லுதா?

— நீதானே சொல்லுவ, உன் கண்ணை நம்பக் கூடாதுன்னு? அதுக்குத்தானே வருஷக்கணக்கா முதுகைக் காட்டிக்கிட்டு ஒக்காந்த?

— ஆமா. நான்தான் சொன்னேன்.

— பின்ன?

— பின்ன ஒண்ணுமில்ல. உன் கால் சொல்றதுதான் கணக்கு. அப்ப என் கையும் போச்சு, கண்ணும் போச்சு. நாளைக்குப் பட்டறைல சேந்துடறேன். அம்மாகிட்ட சொல்லிட்டேன்.

— என்ன பட்டறை? படகுப் பட்டறையா? நீயா?

— ஏன், அவங்கல்லாம் மனுஷங்க இல்லையா? பின்ரூமைக் காலி பண்ணி அம்மாவுக்குக் குடுத்துடலாம். இதை ரெண்டா அறுத்துப் போட்டுடு. முழுசா வெச்சிருந்தா கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கும்.

— அப்ப எனக்கு யாருக்கா செய்வா?

— கடைல வாங்கிக்கோ. அதாவது பேசும்.

— அப்படிச் சொல்லாதக்கா. ஆஸ்பத்திரில மல்லாக்கப் போட்டு வெச்சிருந்தாங்களே, அப்ப எல்லாரும் எப்படா வீட்டுக்குப் போவோம்னு படுத்திருந்தாங்க. நான் எப்படா உன் போர்டுல நிப்போம்னு படுத்திருந்தேன். அதுக்காகத்தான் எந்திரிச்சேன். இது இல்லைன்னா நான் எதுக்கு எந்திரிச்சேன்?

— தெரியும்டா. தெரிஞ்சுதான் ஒண்ணு சரியில்லைன்னதும் இன்னொண்ணு செஞ்சேன். அதுவும் சரியில்லைன்னதும் இதைச் செஞ்சேன். உனக்காகத்தான் செஞ்சேன், என்னால முடியல. நீ எந்திரிச்சு வந்துட்ட, நான்தான் ஒனக்கு ஈடு குடுக்க முடியாம நிக்கறேன்.

— ஏன்க்கா அழற? நீ அழுதா எனக்குக் கை கால் ஓட மாட்டேங்குது.

— விடு. பாயைச் சுருட்டு. போர்டை இப்படிக் குடு, கழுவி வண்டில ஏத்தலாம். ஏய், இதென்ன செவப்பா?

— எது?

— ஸ்ட்ராப்புக்குப் பக்கத்துல, மெத்தைய உரிச்ச எடத்துல. ஐயையோ. திருகுடா! ஸ்ட்ராப் இருந்த பழைய ஓட்டைல தண்ணி எறங்கக் கூடாதேன்னு ஒரு திருகைப் போட்டேன். அவசரத்துல பாதிதான் முறுக்கியிருக்கேன், முள்ளு மாதிரி துருத்திக்கிட்டு நிக்குது. இது மேலயா இவ்ளோ நேரம் குதிங்காலை வெச்சு அழுத்தின?

— திருகா? இல்லையே. நல்லா மெத்து மெத்துன்னுதான் இருந்துச்சு.

— மெத்து மெத்துன்னா? தண்ணிலேர்ந்து நீ நடந்து வந்த மணலைத் திரும்பிப் பாருடா. அங்கேர்ந்து இங்க வரைக்கும் ரத்தம். குதிங்கால் கிழிஞ்சு தொங்குதே!

— எந்தக் கால்ல?