தங்கை தடவிய மருந்து

எங்கள் கிளினிக்கில் காலையில் முதலில் வருகிறவள் நான்தான். ஜன்னல்களைத் திறந்துவிட்டு, தங்கை வருவதற்குள் அவள் மேசையையும் துடைத்து வைத்துவிடுவேன். அவளுக்குத் தூசி ஆகாது, தும்மித் தீர்த்துவிடுவாள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் நர்ஸ் என்னைப் பற்றி உங்களிடம் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அவள் எப்போதுமே தங்கை கட்சி.

நாங்கள் இருவரும் பல் டாக்டர்கள். ஒரே வாசல், இரண்டு அறைகள். சொத்தையை அடைத்துக்கொள்ள அவளிடம் வருவார்கள், பிடுங்கிக்கொள்ள என்னிடம் வருவார்கள். அவள் அறையிலிருந்து சிரித்துக்கொண்டே வெளியே போவார்கள். என்னிடமிருந்து போகிறவர்களுக்குச் சிரிக்க வராதுதான், ஒத்துக்கொள்கிறேன். போய்வருகிறேன் என்று தலையையாவது ஆட்டலாம்.

அவள் அடைத்த பல்லில் அடைப்பு விழாது. எல்லாரும் கைராசி என்றார்கள். கைராசியும் இல்லை, ஒன்றும் இல்லை. அது ஒரு மருந்து. பல்லுக்குள் மெல்லிய நார்கள் இருக்கின்றன. அடைப்பை ஒட்டுகிற பசை அந்த நார்களைப் பற்றிக்கொண்டுதான் நிற்கிறது. ஆனால் ஒட்டுவதற்கு முன்னால் அமிலம் தடவுவோமே, அப்போது பல்லிலேயே சும்மா கிடந்த சில நொதிகள் விழித்துக்கொண்டு அந்த நார்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னத் தொடங்கும். ஓரிரு வருடத்தில் பிடி விட்டுப்போகும். அந்த நொதிகளை அடக்கி வைக்கும் மருந்து ஒன்றைப் பற்றித் தங்கை எங்கோ படித்துவிட்டு வந்து, ஒவ்வொரு பல்லிலும் தடவிப் பொறுமையாகக் காத்திருந்து, அதன் பிறகே பசை வைத்தாள்.

“என்னடி, பல்லுக்குத் தாலாட்டுப் பாடுறியா?” என்று நான் கேலி செய்தேன். அவளும் சிரித்தாள். வருடங்கள் போயின. அவள் வைத்த அடைப்புகள் வைத்தபடியே நின்றன. எனக்கு வயிறு எரிந்தது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? எரிந்தது.

ஒரு நாள் தையல்காரர் ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். தங்கை வெளியூர் போயிருந்தாள். “நான் பாக்கறேன், உக்காருங்க” என்றேன். “பரவாயில்லம்மா, சின்ன டாக்டர் வந்ததும் வரேன்” என்று அந்த வலியோடு அப்படியே திரும்பிப் போய்விட்டார். படிப்பில் நான் அவளுக்கு மூத்தவள். அவளுக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவளே நான்.

அந்த மருந்து ஒரு பழுப்பு பாட்டிலில் இருக்கும். பெரிய கேனிலிருந்து அதில் ஊற்றி வைப்பது என் வேலை. மறுநாள் காலை அதில் காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றி வைத்தேன். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். நான் விஷம் வைக்கவில்லை. அந்த மருந்தின் பெயரே கேள்விப்படாமல் அடைக்கிற டாக்டர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு நடப்பது இவளுக்கும் நடக்கட்டும் என்றுதான் நினைத்தேன். எனக்கு அவசரமும் இல்லை.

இரண்டாவது வருடம் அடைப்புகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. தையல்காரருடையதும் வந்தது. தங்கை பசையை மாற்றினாள். பசையை இறுக வைக்கும் விளக்கை மாற்றினாள். அடைத்ததையே மறுபடி அடைத்தாள், அதுவும் கொஞ்ச காலத்தில் கழன்றது. சாப்பிடும்போது பாதியில் எழுந்து போய் எதையோ படிப்பாள். பாட்டிலின் மேல் மட்டும் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. அதை நிரப்புகிறவள் அக்கா அல்லவா.

ஒரு மதியம் என் அறைக்கு வந்து இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினாள்.

“அக்கா, மறைக்காம சொல்லு. என் கையில ஏதாவது கோளாறு தெரியுதா?”

கைகள் கொஞ்சமும் அசையவில்லை. அவ்வளவு நிதானமான கை எனக்கு வாய்த்ததே இல்லை.

“லேசா நடுங்குதுடி” என்றேன். “நானே சொல்லணும்னுதான் இருந்தேன். நீ உடஞ்சு போயிடுவியேன்னு விட்டுட்டேன்.”

“எப்பலேருந்து?”

“கொஞ்ச நாளாவே.”

அடுத்த வாரம் உண்மையாகவே நடுங்கத் தொடங்கியது. நரம்பு மருத்துவரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். ஒன்றுமில்லை என்றார். வெளியே வந்ததும், “ஆரம்பத்துல அப்படித்தான் சொல்லுவாங்க, நீ கவலப்படாதே” என்று அவளைத் தேற்றினேன். அந்த மாதக் கடைசியில் தன் வெள்ளைக் கோட்டை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு அறையைப் பூட்டினாள். அவளிடம் வந்தவர்கள் இனி என்னிடம் வருவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்கள் அடுத்த தெருவுக்குப் போனார்கள்.

நர்ஸ் அந்தப் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் ஆய்வகத்தில் கொடுத்து, அந்த அறிக்கையோடு உங்களிடம் புகார் செய்திருக்கிறாள். கெட்டிக்காரி. நீங்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சுலபம். ஆமாம், அதில் இருந்தது தண்ணீர். ஊற்றியது நான். தங்கைக்கு இன்றுவரை தெரியாது.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. போன மாதம் அவளுக்கே ஒரு கடைவாய்ப் பல் வலித்தது. பார்த்தேன். சின்னச் சொத்தை. அசல் மருந்து கேன் நிறைய இருந்தது. தடவி அடைத்திருந்தால் பல வருடங்கள் நின்றிருக்கும்.

“அடச்சு விட்டுடலாமா?” என்று கேட்டேன். கேட்காமல் இல்லை.

“வேணாம்க்கா. எதுவும் நிக்காது. நான் வச்சது ஒண்ணாவது நின்னுச்சா? எடுத்துடு.”

வாயைத் திறந்துகொண்டு என்னையே பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் மறுநாளே போய்த் தன் அறையைத் திறந்துவிடுவாள். உறுதியான பல், ஆழமான வேர். அசைத்து அசைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. எடுத்தேன்.

மரத்துப்போன உதட்டோடு, “உன் கையால எடுத்தது வலிக்கவே இல்லக்கா” என்றாள்.

அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஊசி போட்டு, நன்றாக மரத்துப்போகும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். என் கூடப் பிறந்தவள் நோவதைப் பார்க்க எனக்கு மனசு வருமா?