ஜகந்நாதனின் மூக்கு

எங்கள் வீட்டு ரசத்தில் பெருங்காயம் போடுவதில்லை, சுபாஷிணி மேடம். விரதமெல்லாம் ஒன்றும் இல்லை, என் வேலை அப்படி. டில்லியிலேயே பிறந்து வளர்ந்ததால் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன் என்று நீங்கள் சொன்னீர்கள். உங்களைப் போன்ற ஒரு இன்ஸ்பெக்டரைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று சின்னச் சின்ன வாக்கியமாகவே எழுதித் தருகிறேன்.

தொழிற்சாலைப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் நாற்றம் தாங்கவில்லை என்று புகார் கொடுத்தால் எங்கள் கம்பெனியை அழைப்பார்கள். நாங்கள் போய் முகர்ந்து, இது சாயக் கழிவு, இது எரிந்த ரப்பர், இது வெறும் சாக்கடை என்று பிரித்துச் சொல்வோம். மெஷின்கள் உண்டு. ஆனாலும் மூக்கு சொன்னால்தான் அறிக்கை முடியும். அந்த மூக்கு என்னுடையது. முகரப் போகும் நாளில் பூ கிடையாது, பவுடர் கிடையாது, டீ காபி கிடையாது. சரோஜினி நகர் மார்க்கெட்டில் மல்லிகைப்பூக்காரியைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவேன்.

என் தம்பி வெங்கியை இதே கம்பெனியில் சேர்த்துவிட்டேன். தொட்டியில் இறங்கிக் கழிவுநீரைப் புட்டியில் பிடித்து வருவது அவன் வேலை. சென்ற வருடம் பவானா பக்கம் ஒரு சாயப்பட்டறைக்குப் போனோம். வெகுநாள் மூடிக் கிடந்த தொட்டியைத் திறந்தார்கள். எங்கள் தலைமை எஞ்சினியர் ஜகந்நாதன் ஓரத்தில் நின்று, "நாத்தம் ஒண்ணும் இல்லடா. ஜல்தி எறங்கு" என்றார். வெங்கி இறங்கினான். பிறகு கயிறு கட்டித்தான் அவனை மேலே தூக்கினார்கள்.

அழுகின முட்டை நாற்றம் அடிக்கும் வாயு அது. கொஞ்சமாக இருந்தால் குடலைப் புரட்டும். அதிகமானால் மூக்கே மரத்துப்போகும், நாற்றம் சட்டென்று நின்றுவிட்ட மாதிரி இருக்கும். ஆளைக் கொல்வது அப்போதுதான். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் சொல்லித்தான் இது எனக்குத் தெரிந்தது. ஜகந்நாதன் படித்த எஞ்சினியர், அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். விசாரணையில் அவர், வெங்கி ஒரு அவசரக்குடுக்கை, சொல்லச் சொல்லக் கேட்காமல் முகமூடி இல்லாமல் இறங்கிவிட்டான் என்றார். நானும் அதே அறையில்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் சாக வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன். அன்று எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

வழி தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. ஜகந்நாதனுக்கு வாசனையே தெரியாது. ஒரு காய்ச்சலில் மூக்கு போய்விட்டது. வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். "நீ என் தங்கை மாதிரி, மாதங்கி. காட்டிக் குடுத்துடாதே" என்றார். எங்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. நாற்றம் இருந்தால் நான் துப்பட்டாவை மூக்கருகே கொண்டுபோவேன். அவர் அதைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளிப்பார். நன்றாகவே சுளிப்பார்.

போன செவ்வாய்க்கிழமை இன்னொரு பட்டறை, அதே மாதிரித் தொட்டி. வெங்கி போன பிறகு ஆட்கள் எல்லோரும் இறங்க மறுத்தார்கள். வாயு அளக்கும் மீட்டரைச் சார்ஜில் போடுவது என் வேலை இல்லை. போட்டிருந்ததைப் பிடுங்கிவிட்டது மட்டும் நான். மூடியைத் திறந்ததும் முட்டை நாற்றம் மண்டைக்கு ஏறியது. அடுத்த மூச்சில் ஒன்றுமே இல்லை. நான் நகர்ந்து காற்று வரும் பக்கம் நின்றுகொண்டேன்.

ஜகந்நாதன் என்னைப் பார்த்தார். துப்பட்டா தோளிலேயே கிடந்தது.

"ஒண்ணும் இல்லையே? நானே எறங்கிக் காட்டறேன். அப்பத்தான் இவா நம்புவா" என்று என் காதருகே சொன்னார்.

"அச்சா சார்" என்றேன்.

அவர் விழுந்த சத்தம் கேட்டு வாசல் காவல்காரர் தர்மன் ஓடிவந்து இறங்கப் பார்த்தார். அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "வேண்டாம்ப்பா, நீங்க புள்ளகுட்டிக்காரர்" என்றேன். இதையும் கவனித்துக்கொள்ளுங்கள் மேடம், நான் ஈவிரக்கம் இல்லாதவள் அல்ல. பிறகு எதிர்க்கடையில் டீ வாங்கிக் குடித்தேன். கடைக்காரர் இஞ்சியை என் கண்ணெதிரே தட்டிப் போட்டார், எனக்கு மணமே தெரியவில்லை. வெங்கியைத் தூக்கிய அன்றும் இப்படித்தான், ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை எனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை.

ஜகந்நாதனின் மூக்கைக் கொண்டுபோனது எந்தக் காய்ச்சல் என்று நேற்று கேட்டீர்கள். கொரோனா. வெங்கி வேலைக்குச் சேர்வதற்கு முன்பே வந்து போனது. அப்படியானால் வெங்கி இறங்கிய அன்று யாரைப் பார்த்துவிட்டு ஜகந்நாதன் நாற்றம் இல்லை என்றார் என்று கேட்டீர்கள். என்னைத்தான் பார்த்தார். எனக்கு ஒன்றும் நாறவில்லை, அதனால் சும்மா நின்றேன். ஆனால் "எறங்கு" என்று வாய் திறந்து சொன்னது அவர்தான் மேடம், நான் இல்லை. அந்த இடத்தில் மட்டும் அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.