பதினேழாம் இலக்க பேர்ணடெற்

பேர்ணடெற் அக்கா, உங்கள் கணவர் கிளெமென்ற் அண்ணையின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். நான்தான் பட்டம் படித்தவன் என்றீர்கள். அண்ணையின் வண்டிக் கம்பனியின் வரலாற்றை எழுத எனக்கும் விருப்பம். சிரிக்க நிறைய இருக்கிறது.

எண்பத்தெட்டில், கொட்டாஞ்சேனையில் உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த கராஜில் முதல் வண்டி பிறந்தது. சண்டையால் எந்தச் சாமானும் ஒழுங்காக வராத காலம். ஒரு பழைய ஜப்பான் எஞ்சின், மூடிய தியேட்டர் ஒன்றின் இருக்கைகள், பின்கதவுக்குக் குளியலறைத் தாழ்ப்பாள். வண்டிக்கு அண்ணை உங்கள் பெயரை வைத்தார்; பிறகு வந்தவற்றுக்கும் அதே பெயர்தான், இலக்கம் மட்டும் மாறும். ஏன் என்று கேட்டேன்.

"ஸ்ரார்ட் பண்ணத்தான் கஷ்டம், தம்பி. பிறகு நிப்பாட்டேலாது."

நீங்கள் குசினியிலிருந்து அகப்பையோடு வந்தீர்கள். அண்ணை வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

சோதனைச்சாவடியில் ஆமிக்காரன் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "மேக்க மொகக்த?" என்றான், இது என்ன என்று.

"வாகனயக், மஹத்தயா" என்றார் அண்ணை, வாகனம் ஐயா என்று, பணிவாக.

சிரித்த சிரிப்பில் அவன் அடையாள அட்டை கேட்க மறந்துவிட்டான்.

கராஜ் ஒடுக்கம். புது வண்டி பின்னுக்கு வந்துதான் ரோட்டில் ஏறும். ஆகவே கண்ணூறு கழிய நசிக்கும் தேசிக்காய்களைப் பின்சில்லுகளுக்குப் பின்னால் வைப்போம். அதை அண்ணை வேறு யாரிடமும் விடமாட்டார். வேதக்காரருக்கு இது எதற்கு என்று டிரைவர் இருளப்பன் சீண்டுவான்.

"மாதாவுக்குத் தெரியும், ரோட்டிலை எல்லாச் சமயமும் போகுதெண்டு" என்பார்.

பக்கத்தில் நின்று "வரட்டும், வரட்டும்" என்று சொல்வது என் வேலை. பட்டதாரிக்கு ஏற்ற உத்தியோகம் என்று எல்லோரும் பகிடி பண்ணினீர்கள்.

பதினேழாம் வண்டியில் என் மனைவி ஜெகதீஸ்வரி வெள்ளவத்தைக்குப் போனாள், தாயைப் பார்க்க. பம்பலப்பிட்டியில் வண்டி ஒரு சைக்கிளுக்கு விலகியது. பின்கதவின் தாழ்ப்பாள் கழன்றது. பின்னால் பஸ் வந்துகொண்டிருந்தது. கலியாணமாகி ஏழு மாதம். இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

செத்தவீட்டில் அண்ணை என்னைவிடக் கூட அழுதார். தாழ்ப்பாளைப் பொருத்தியது அவர் கை. அழுதது நியாயம் என்று பட்டது. ஒன்றரை வருடம் அதைப் பற்றி யோசித்தேன். கோபம் வரவில்லை. சாப்பிட்டேன், வேலைக்கு வந்தேன்.

இருபத்தாறாம் வண்டி வெளியே வந்த காலை நல்ல வெயில். நீங்கள் கேசரி கிண்டியிருந்தீர்கள். இருளப்பன் ஸ்ரேரிங்கில் இருந்தான். அண்ணை ஒரு தேசிக்காயை வைத்துவிட்டு, மற்றச் சில்லுக்குப் பின்னால் முழங்காலில் இருந்தார். உருண்டுபோன தேசிக்காயை ஏசிக்கொண்டிருந்தார்.

"பின்னாடி பாத்துக்கிட்டீங்களா, தம்பி?" என்றான் இருளப்பன்.

பார்த்தேன். "வரட்டும்" என்றேன்.

இருளப்பன் இன்னும் மறியலில் இருக்கிறான். அவனில் பிழையில்லை. இந்தக் கடிதத்தைப் பொலிசில் கொடுங்கள், அவனை விட்டுவிடுவார்கள். தம்பி கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறீர்களாம். கவனித்தேன், அக்கா. தேசிக்காய் எங்கே கிடந்தது என்றுகூடச் சொல்வேன்.

வரலாறு முழுமையாக இருக்க வேண்டும் என்பதற்காக ஒன்றைச் சேர்க்கிறேன். பதினேழாம் வண்டிக்கு நல்ல கதவுப் பூட்டு அந்த நேரம் கிடைக்கவில்லை.

"பூட்டு வர ரண்டு கிழமையாகும். வண்டியை நிப்பாட்டி வைப்பமே, தம்பி?" என்று அண்ணை என்னிடம் கேட்டார்.

ஜெகதீஸ்வரி சேலை உடுத்து வாசலில் நின்றாள். "போகட்டும்" என்றேன்.

அது பேச்சுக்குச் சொன்ன ஒரு சொல். அண்ணைதான் யோசித்திருக்க வேண்டும்.