சந்தனம் வைத்த வண்டி

ஒத்தக்கடையில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் முன் சீட்டுக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது காதில் விழுந்தது.

"மூணு மைலுக்கு ஒருக்கா செத்துச் செத்துப் பிழைக்குது மாப்ள."

யாரோ பெரியவரைச் சொல்கிறார் என்று பதறிவிட்டேன். அவருடைய பிக்கப் வண்டியாம்.

"நாளைக்கு அக்கா மகளுக்குச் சடங்கு. தாய்மாமன் சீரு அதுலதான் திருவாதவூர் போகணும். பிளக்கைத் துடைச்சேன், கார்புரேட்டரைக் கழட்டினேன், ஒண்ணும் ஆகல. நின்னதும் டேங்க் மூடியைத் திறந்து பாக்குறேன், பெட்ரோல் இருக்கு. மூடிட்டு எடுத்தா ஓடுது, மறுபடி நிக்குது. மெக்கானிக்கைக் கூட்டியாரத்தான் போறேன்."

"என்னைக்கிருந்து மச்சான்?"

"ஆயுத பூசையிலருந்து."

"டேங்க் மூடிக்கும் பொட்டு வச்சியோ?"

"வைக்காம? நட்டநடுவுல, அம்புட்டுச் சந்தனம்!"

"அடப்பாவி, அங்க இருக்கிறது காத்து உள்ள போற ஓட்டை! அதை அடைச்சா பெட்ரோல் எப்படி இறங்கும்? ஊசியால குத்திவிடு, ஓடும்."

பஸ்ஸே சிரித்தது. வண்டிக்காரர் துள்ளி எழுந்தார்.

"கண்டக்டரண்ணே, நிறுத்துங்க! சீரு கிளம்பிருச்சு!"

இறங்கியவர் ஜன்னலோரம் ஓடிவந்தார்.

"மாப்ள, அடுத்த வருசம் பொட்டை எங்க வைக்க?"

"உன் நெத்தியில வையி மச்சான். அங்க ஓட்டை கிடையாது!"